‘பெம்போலே உபா’ என்றால் என்ன? சுங்கை வே தொழிற்சாலைகள் முன்பே அறிந்த கணினிச் சொற்கள்

இடைநிலைப்பள்ளிகளில் 2017ஆம் ஆண்டு முதல் ‘அசாஸ் சைன்ஸ் கொம்புத்தர்’ என்ற பாடம் இருக்கிறது. அதை எடுக்கும் பிள்ளைகள் முதலாம் படிவத்திலேயே அல்கோரித்மா, சார்த்தா அலிர், பெம்போலே உபா என்று படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். “அதெல்லாம் எங்களுக்கு என்ன தெரியும், நீயே பார்த்துக்கொள்” என்று ஒதுங்கிவிடும் பெற்றோர் பலர். நான்காம் படிவத்தில் கணினி அறிவியலை எடுக்கலாமா என்று பிள்ளை கேட்கும்போதும் அதே பதில்தான். அந்த இடத்தில் பல பிள்ளைகள் பின்வாங்கிவிடுகிறார்கள்.

உண்மையில் சுங்கை வே வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இந்தச் சொற்களின் பொருள் புதிதல்ல. சொல்தான் புதிது.

1970களில் இங்கே சுதந்திர வாணிப வலயம் திறக்கப்பட்டபோது, மின்னணுத் தொழிற்சாலைகளின் பேருந்துகளில் வேலைக்கு வந்தவர்களில் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். மோட்டோரோலா போன்ற நிறுவனங்களில் ‘போண்டிங்’ முக்கியமான வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லிலிருந்து அதன் கால்களுக்கு ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். பின்னர் அந்த வேலையைத் தானியங்கி இயந்திரம் எடுத்துக்கொண்டது. கை செய்த வேலையை இயந்திரம் செய்ய வேண்டுமானால், அந்தக் கைக்குத் தெரிந்ததையெல்லாம் யாராவது படிப்படியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுப்பதே நிரல், ஆங்கிலத்தில் புரோகிராம்.

நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு என்று பொருள். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கு ‘நிரை’ தெரியும். ஏறக்குறைய அதே சொல்தான்.

எழுதுவதற்கு முன் மனத்தில் இருக்கும் வழிமுறைக்குப் பெயர் அல்கோரித்மா. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த கணித அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. வழிமுறையைக் கட்டங்களும் அம்புக்குறிகளுமாக வரைந்து காட்டினால் அது சார்த்தா அலிர். தொழிற்சாலைச் சுவரில், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் மேலே தொங்கும் வேலைமுறை அட்டையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெம்போலே உபா சற்று நின்று பார்க்க வேண்டிய சொல். தமிழில் ‘மாறி’ என்பார்கள். உற்பத்தி வரிசையின் கோடியில் மாட்டியிருக்கும் பலகையை நினைத்துக்கொள்ளலாம். ‘எண்ணிக்கை’ என்ற தலைப்பு எப்போதும் அப்படியே இருக்கும். கீழே உள்ள எண் மட்டும் மாறும். ஷிப்ட் தொடங்கும்போது 0. ஒரு தட்டு முடிந்தால் 1, அடுத்ததற்கு 2. பெயர் நிலையானது, உள்ளிருப்பது மாறக்கூடியது. அதுதான் மாறி.

பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. நிரலில் ‘எண்ணிக்கை = எண்ணிக்கை + 1’ என்று எழுதுவார்கள். கணக்குப் பாடத்தில் இப்படி எழுதினால் ஆசிரியர் தவறு என்று அடித்துவிடுவார். 5 எப்படி 6 ஆகும்? ஆனால் பல கணினி மொழிகளில் ‘=’ என்பது சமம் என்று சொல்லும் குறி அல்ல. ‘வலப்பக்கம் வருவதைக் கணக்கிட்டு இடப்பக்கம் உள்ள பெயரில் போடு’ என்ற கட்டளை. பலகையில் இருந்த 5ஐ அழித்துவிட்டு 6 எழுதுவதுதான். இதை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிவிட்டால் பாதி குழப்பம் தீர்ந்தது.

நிபந்தனை என்பது ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. கம்பி ஒட்டவில்லை என்றால் இயந்திரம் நிற்க வேண்டும். முத்தையா அண்ணாமலை 2007இல் உருவாக்கத் தொடங்கி 2013இல் வெளியிட்ட ‘எழில்’ என்ற தமிழ் நிரல்மொழியில், முதலில் நிபந்தனையை எழுதி, அதன் பின்னே ‘ஆனால்’ என்ற சொல்லைப் போட வேண்டும். தமிழில் பேசுகிற வரிசையே அதுதான். தேர்வுக்கு எழில் உதவாது; ஆனால் கட்டளையைத் தாய்மொழியில் ஒருமுறை எழுதிப் பார்த்த பிள்ளைக்குப் பாடத்தின் அச்சம் போய்விடும்.

மடக்கு என்பது, ஆங்கிலத்தில் லூப், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது. மரத்துக்குப் போ, வெட்டு, மங்கை வை, அடுத்த மரத்துக்குப் போ, நிரை முடியும்வரை. இதில் ‘முடியும்வரை’ என்பதுதான் உயிர். அதை எழுத மறந்தால் நிரல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். கைப்பேசியில் ஒரு செயலி உறைந்து போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செயற்கூறு, அதாவது ஃபங்ஷன், பல படிகளை ஒரே பெயரில் கட்டி வைப்பது. தூசி புகாத அறைக்குள் போகுமுன் அங்கி, தலைமூடி, முகக்கவசம், கையுறை, காலுறை என்று எத்தனை வேலை! மேற்பார்வையாளர் அத்தனையையும் அடுக்குவதில்லை. “உடுத்திட்டு வாங்க” என்பார், அவ்வளவுதான்.

இனி ‘பக்’, அதாவது வழு. 1947 செப்டம்பர் 9இல் ஹார்வர்டு மார்க் 2 கணினியின் உள்ளே ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்ததைக் கண்டெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். சொல் அங்கேதான் பிறந்தது என்று பரவலாகச் சொல்வார்கள், அது சரியல்ல. இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் 1870களில் தோமஸ் எடிசன் எழுதிய கடிதத்திலேயே உண்டு.

பெரும்பாலான வழுக்கள் பூச்சி அளவுக்குச் சின்னவை. 16 கால் உள்ள சில்லுக்கு, 0 முதல் 16 வரை ஒட்டு என்று எழுதிவிட்டால் இயந்திரம் 17 முறை ஒட்டப் பார்க்கும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்! கட்டுப்பாட்டை இழந்த இயந்திரம் அல்ல அது. சொன்னதைச் சொன்னபடி செய்யும் இயந்திரம். வழுவைத் தேடுவதும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு செய்யும் வேலைதான்: எந்தக் கட்டம் வரை சரியாக இருந்தது, எந்தக் கட்டத்துக்குப் பிறகு கெட்டது என்று இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே போவது.

வலயத்தில் வேலையின் முகமும் மாறிவிட்டது. மோட்டோரோலாவின் சில்லுத் தொழிற்சாலை ஃப்ரீஸ்கேல் ஆகி, இப்போது என்எக்ஸ்பி ஆகியிருக்கிறது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்த வெஸ்டர்ன் டிஜிட்டல் வன்தட்டு ஆலையை 2019 இறுதிக்குள் மூடப்போவதாக அந்நிறுவனம் 2018இல் அறிவித்தது. வன்தட்டுக்கான தேவை குறைந்ததே காரணம். வரிசையில் உட்கார்ந்து ஒட்டும் வேலைகள் சுருங்க, இயந்திரத்துக்கு நிரல் எழுதுபவரும் அது நின்றால் ஏன் நின்றது என்று கண்டுபிடிப்பவரும் தேவைப்படுகிறார்கள்.

அடுத்த முறை பிள்ளை பெம்போலே உபா என்று புத்தகத்தைக் கொண்டுவந்தால், அம்மாவோ பாட்டியோ அந்த எண்ணிக்கைப் பலகையைப் பற்றிச் சொல்லலாம். ஷிப்ட் தொடங்கும்போது யார் அதை 0 ஆக்குவார், மறந்துவிட்டால் அன்றைய கணக்கு என்ன ஆகும் என்று பிள்ளையிடம் கேட்டும் பார்க்கலாம்.