ஒரே கல்லாக ஒரு வீடு

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டு என்ற சிற்றூர். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு நான்கும் இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் செய்வித்தது என்று கிரந்த எழுத்தில் பொறித்தும் வைத்தான். தூண், உத்தரம், கூரை என்று நாம்தான் பெயர் சொல்லிப் பிரிக்கிறோம். அங்கே எல்லாம் ஒரே கல். இணைப்பு என்று ஒன்றே கிடையாது. கட்டடப் பொறியியல் படிக்க வரும் பிள்ளைகளை முதல் வாரமே அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடம் அது.

அதைப் பார்த்துவிட்டுத் திருவாமாத்தூருக்கு வாருங்கள். பம்பை ஆற்றங்கரை ஊர். அபிராமேசுவரர் கோயில் கிழக்கே பார்க்க, முத்தாம்பிகை கோயில் மேற்கே பார்க்க, இரண்டுக்கும் நடுவே தெரு. இங்கே ஒவ்வொரு கல்லும் தனி. தூணை நிறுத்தி, அதன்மேல் உத்தரம் ஏற்றி, உத்தரத்தின்மேல் பலகைக் கற்களைப் பரப்பியிருக்கிறார்கள்.

கருங்கல்லை நசுக்குவது கடினம். வளைத்து உடைப்பது எளிது. படுக்கையாகக் கிடக்கும் உத்தரம் சுமையால் கண்ணுக்குத் தெரியாத அளவு தொய்கிறது. அப்போது அதன் மேல்பக்கம் நெரிபடும், கீழ்ப்பக்கம் இழுபடும். அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குகூட இழுப்பைத் தாங்கக் கல்லுக்கு இல்லை. கல்லின் கனத்தை மாற்றாமல் இரண்டு தூண்களின் இடைவெளியை மட்டும் இரட்டித்தால், வளைக்கும் விசை நான்கு மடங்காகிவிடும். கல் மண்டபங்களில் தூண்கள் அத்தனை நெருக்கமாக நிற்பதற்குக் காரணம் இதுதான். தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டி நிற்கும் பொதிகையைப் பலர் வெறும் அலங்காரம் என்று கடந்துபோகிறார்கள். உத்தரம் தாண்ட வேண்டிய தூரத்தைக் குறைத்துக் கொடுப்பது அது.

இன்று அதே திருவாமாத்தூரில் ஒருவர் பில்லர் போட்டு வீடு கட்டினால், கையாளும் பொருள் கான்கிரீட். ஊற்றிச் செய்கிற கல் என்று அதைச் சொல்லலாம். கல்லின் பலவீனமும் அதற்கு அப்படியே உண்டு. இழுபடும் பக்கத்தில் கம்பியை வைத்து அந்தக் குறையைத் தீர்க்கிறோம். மகேந்திரவர்மன் விலக்கிய நான்கில் ஒன்று இங்கே கைகொடுக்கிறது. வெயிலில் கம்பியும் கான்கிரீட்டும் ஏறத்தாழ ஒரே அளவு விரிவது நமக்குக் கிடைத்த கொடை. இல்லாவிட்டால் இரண்டும் சில கோடைகளில் பிரிந்திருக்கும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால், அதன் எடை மட்டும் சுமார் மூன்றரை டன். தளம் அதை பீமிடம் தருகிறது, பீம் பில்லரிடம், பில்லர் கடைக்காலிடம். சேற்று வயலில் வெறுங்காலோடு நின்றால் புதைகிறோம், பலகை போட்டு நின்றால் புதைவதில்லை. பில்லரின் அடியில் அகலமாகப் போடும் ஃபுட்டிங் அந்தப் பலகையின் வேலையைச் செய்கிறது. மண் மனைக்கு மனை மாறும். பக்கத்து வீட்டுக்காரர் தோண்டிய ஆழம் உங்களுக்குப் போதும் என்று எண்ண வேண்டாம். பில்லர் வீட்டில் சுவருக்குத் தடுப்பு வேலைதான். பில்லர் இல்லாத பழைய வீட்டில் சுவரே தூண். ஹாலைப் பெரிதாக்க அதை இடிக்கத் துணிவது ஆபத்து.

கம்பி எந்தப் பக்கம் என்பதில் பலர் தவறுகிறார்கள். அறையின் நடுத்தளத்தில் இழுப்பு கீழே. பால்கனியிலும் சன்ஷேடிலும் தலைகீழ்: மேல்பக்கம்தான் இழுபடும், அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும் அவசரத்தில் ஆட்கள் அதன்மேல் நடந்து மிதித்துக் கீழே தள்ளிவிட்டால், கம்பி இருந்தும் இல்லாததுபோலத்தான்.

எல்லாவற்றிலும் நான் அஞ்சுவது பீமும் பில்லரும் சந்திக்கும் இடத்தை. பீம் கம்பி மடங்கிப் பில்லருக்குள் போதுமான நீளம் போயிருக்க வேண்டும். அந்தச் சந்திப்புக்குள்ளும் ரிங் கட்டியிருக்க வேண்டும். கை நுழைவது கடினம் என்று ரிங்கை விட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மண்டகப்பட்டுப் பாறையைப்போல வீடு ஒரே கல்லாக நிற்பதும், துண்டு துண்டாகப் பிரிவதும் அந்த ஒரு சாண் இடத்தில் தீர்மானமாகிறது.

வீடு கட்டுவோரே, தளம் போடும் நாளில் நேரில் போய் நில்லுங்கள். மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். கலவை இளகி வேலை சுலபமாகும், வலிமை போய்விடும். பிறகு தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலுக்கு 10 நாளாவது வேண்டும், பி.பி.சி. சிமென்ட் என்றால் 14 நாள் என்கிறது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி.