புதுக் கப்பலும் ஆண்டுத் தேர்வும்

மோதி பாக் அரசுக் குடியிருப்புகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் ஊருக்கு ரயிலேறுவதே வழக்கம். இப்போது சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சுற்றுலாக் கப்பல்களைப் பற்றியும் எங்களிடம் விசாரிக்கின்றனர். குழந்தைகளின் கண் ‘டிஸ்னி அட்வெஞ்சர்’ மீது.

ஜெர்மனியின் விஸ்மரில் வேறொரு நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டுப் பாதியில் நின்ற அக்கப்பலை டிஸ்னி 2022-இல் வாங்கியது. 2025 டிசம்பர் 15 அன்று தொடங்கவிருந்த முதல் பயணம், 2026 மார்ச் 10-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. கப்பல் கட்டுவோருக்கு மூன்று மாதம் பெரிதன்று. நம் பிள்ளைகளுக்கோ மார்ச் ஆண்டுத் தேர்வுக் காலம்.

இவ்வாறு நாள் மாறினால் கப்பல் கட்டணத்துக்கு அந்நிறுவனத்திடம் வழி கேட்கலாம். டெல்லியிலிருந்து நாமே தனியாக எடுத்த விமானச் சீட்டின் கதை வேறு. பயணக் காப்பீடு அந்த இழப்பை ஈடுசெய்யுமா என்பதைப் பத்திரத்தைப் படித்தே அறிய வேண்டும், பலர் படிப்பதில்லை. ஆகவே முதல் பயணத்தை விடுத்து, கப்பல் சில மாதங்கள் ஓடிய பின்னர் வரும் கோடை விடுமுறையையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். இடைப்பட்ட மாதங்களில் தொடர் வைப்புக் கணக்கில் பணமும் சேரும். நிலையான வைப்பை முறிக்க நேராது.

கைக்குழந்தைக்கு ஆறு மாதமேனும் நிறைந்திருக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோரைக் கப்பலின் காப்பகத்தில் விட்டால் மணிக்கணக்கில் தனிக் கட்டணம் உண்டு. அட்டையில் செலுத்தும் அயல்நாட்டு நாணயத் தொகையுடன் மாற்றுக் கட்டணமும் சேரும். சிறார் கடவுச்சீட்டு ஐந்தாண்டுக்கே செல்லுபடியாகும் என்பதால், முன்பதிவுக்கு முன் அதன் தேதியைப் பார்ப்பது நலம். கப்பல் சிங்கப்பூருக்கே திரும்புவதால், விசா பலமுறை நுழைய இடமளிக்கிறதா என்பதையும் உடன் பார்த்துவிடலாம்.