கல்யாணக் கணக்கில் ஓடிய கதிர்கள்

உலகமயம் வந்தால் நம் பண்பாடு அழிந்துபோகும் என்று மேடைதோறும் கேட்டுக் காது புளித்துவிட்டது. பீட்சாவையும் ஜீன்ஸையும் சாட்சிக்கு இழுப்பார்கள். கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு ஒட்டாது. அங்கே உலகச் சந்தை நம் பழைய வழக்கம் ஒன்றை அப்படியே கூலியில்லா மேஸ்திரியாக வைத்துக்கொண்டது. அந்த வழக்கத்தின் பெயர் வரதட்சணை.

அதை 1961லேயே சட்டம் தடை செய்துவிட்டது. ஆனால் 2000க்குப் பிறகு தென்மாவட்டக் கிராமங்களுக்கு வந்த புரோக்கர்கள் அந்த வழக்கத்தை நம்பித்தான் ஆள் பிடித்தார்கள். பெண்ணை மூன்று வருஷம் மில்லுக்கு அனுப்பினால் தங்க இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் சம்பளம். முடிவில் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகக் கிடைக்கும். சுமங்கலித் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்று மங்கலமான பெயர்கள். பேச்சு வழக்கில் கேம்ப் கூலி. வந்தவர்களில் பலருக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை. தலித் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகம்.

பெற்றோரை மசிய வைத்தது பணம் மட்டுமில்லை. ஹாஸ்டலை விட்டு வெளியே விடமாட்டோம், போன் பேசக் கட்டுப்பாடு, கடைவீதிக்குப் போனாலும் வார்டன் கூடவே வருவார். வேறு எந்த வேலையிலும் குறையாகத் தெரிகிற இதெல்லாம் இங்கே உத்தரவாதமாக விலைபோயின. பெண் ‘கெட்டுப்போகாமல்’ திரும்பி வருவாள் அல்லவா?

உள்ளே நிலவரம் வேறு. இழை அறுந்துவிடும் என்று ஜன்னல்களைத் திறப்பதில்லை. காற்றில் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் புழுக்கத்தில் பஞ்சுத் தூசி மூக்கிலும் தலைமுடியிலும் படியும். சைடு பார்க்கிற பெண், சுழலும் கதிர்களின் வரிசையில் நடந்தபடியே அறுந்த இழையை ஒட்டிக்கொண்டே போகவேண்டும். ஆள் குறைந்தால் ஒரு ஷிப்ட் முடித்த கையோடு அடுத்த ஷிப்ட். பயிற்சியாளர் என்று பதிந்திருப்பதால் நிரந்தரத் தொழிலாளிக்கு உரியது எதுவும் கிடையாது. உடம்புக்கு முடியாமல் இரண்டே முக்கால் வருஷத்தில் ஊர் திரும்பினால் அந்த மொத்தத் தொகையும் போச்சு. கல்யாணப் பணம் என்பது அவளிடமே பிடித்துவைத்த கூலி.

ஒரு காலத்தில் கோவையில் மில் வேலை என்றால் சங்கம், போனஸ், பி.எஃப். என்று மரியாதையான ஆண் உத்தியோகம். தாராளமயத்துக்குப் பிறகு நிரந்தர வேலைகள் சுருங்கின. 2005இல் ஜவுளி ஏற்றுமதிக்கான உலக கோட்டா முறை முடிவுக்கு வந்ததும் ஆர்டர்களுக்குப் போட்டி கடுமையானது. விலையைக் குறைத்துக் கேட்கிற வெளிநாட்டு பையருக்கு ஈடுகொடுக்க, சங்கம் சேராத, இரவிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற கைகள் தேவைப்பட்டன. அதற்குத்தான் தாலி பயன்பட்டது.

ஆலைகளை மட்டும் திட்டிப் பயனில்லை. 2011இல் நம் அரசே திருமண உதவியோடு தாலிக்கு நான்கு கிராம் தங்கம் சேர்த்துக் கொடுத்தது. 2016இல் அது எட்டு கிராம் ஆனது. 2022இல்தான் அந்தப் பணம் கல்லூரி மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று, புதுமைப் பெண் திட்டமாக, மாறியது. இந்த ஒரு மாற்றத்துக்காக எத்தனை கைதட்டினாலும் தகும்.

2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு சுமங்கலித் திட்டத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்ட பிறகே ஐரோப்பியக் கம்பெனிகள் கண்விழித்தன. திட்டத்தின் பெயரைச் சொல்லவே ஆலைகள் தயங்கின. ஆனால் ஹாஸ்டல் முறை நிற்கவில்லை. 2021இல் திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022இல் அந்த ஆடை நிறுவனத்தோடும் அதன் பையரான எச் அண்ட் எம்மோடும் ஒப்பந்தம் போட்டது. கேப் போன்ற கம்பெனிகளும் சேர்ந்தன. பாலியல் தொல்லையோடு சாதிக் கொடுமைக்கும் எதிரான விதிகள் அதில் இடம்பெற்றன. ஒப்பந்தத்தைத் தொழிற்சாலை மீறினால் ஆர்டரில் கைவைக்க பையர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

தென்மாவட்டப் பெண்கள் இப்போது முன்போல வருவதில்லை என்று மில்காரர்கள் குறைப்படுகிறார்கள். ஹாஸ்டல்களில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் இருக்கிறார்கள். சங்கத்து நோட்டீசை இனி ஒடியாவிலும் இந்தியிலும் அச்சடிக்க வேண்டும்.