மடியில் கனம்

"மடியில் கனமில்லையேல் வழியில் பயமில்லை" என்பது நம் முன்னோர் வாக்கு. குற்றமற்ற மனத்தினனுக்கு அச்சமில்லை என்று இதற்குப் பொருள் கூறுவர். ஆயினும் இப்பழமொழியை உண்டாக்கிய மனிதன் முதலில் நினைத்தது மனத்தையன்று; இடுப்பைத்தான். பணத்தை ஆடையின் மடிப்பில் முடிந்து, பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து, நெடுவழி நடந்தவனுடைய சொல் அது. மடியிற் கனம் வைத்து வாழ வேண்டியவர்களின் சௌகரிய அசௌகரியங்களைப் பற்றிச் சிறிது சிந்திப்பது இன்று நமது நோக்கமாகும்.

அமெரிக்க நாட்டில் கைத்துப்பாக்கியை ஆடைக்குள் மறைத்துக் கொண்டு வெளியிற் செல்வோர் பலர். வீட்டுக்கு வெளியேயும் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டென அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அவர்களுக்கு ஒரு விசித்திரமான தொல்லை உண்டு. உடல் பருத்தால் துப்பாக்கியின் பிடி வயிற்றில் அழுந்துகிறது. உடல் மெலிந்தால் இடைவார் தளர்ந்து ஆயுதம் சரிகிறது. நேற்றுவரை பொருந்தியது இன்று பொருந்துவதில்லை. ஆகவே இடைவாரை அகலமாக்குவதும், வைக்கும் இடத்தை மாற்றுவதும், உறையை மாற்றுவதுமாக அவர்கள் தம் உடலோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்கின்றனர்.

நம் நாட்டில் அத்தொல்லை குடும்பங்களுக்கு இல்லை. 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின்படி அநுமதிப்பத்திரமின்றி அதனை வைத்திருப்பதே குற்றம். ஆயினும் இடுப்பில் மறைத்துச் சுமப்பதென்பது பதுளையைச் சூழ்ந்த மலைகளில் வாழும் நம் மக்களுக்குப் புதிதன்று. அவர்கள் சுமந்தது துப்பாக்கியன்று. பணம், நகை, அடகுச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை. உடல் மாறும்போது வரும் தொல்லையோ இரு திறத்தார்க்கும் ஒன்றே.

கடல் கடந்த மடி

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்ட நம் முன்னோர், தமிழகத்துக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்ப் பகுதியில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று கால்நடையாகவே மலைநாட்டை அடைந்தனர். பசியும் பேதியும் காய்ச்சலும் வழியெங்கும் உயிர்களைக் கவர்ந்தன. அந்த நடையிலே பெட்டியேது, பூட்டேது? தலைமேல் மூட்டை, மடியிலே சில காசுகள். தலையிலிருந்த மூட்டையைக் களைப்பின்போது இறக்கி வைக்கலாம். மடியிலிருந்ததை உறங்கும்போதும் இறக்கி வைக்க இயலாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டொன்றைக் கயிற்றிற் கோத்து, வரும் ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கவிட்டனர். கங்காணிமாரின் கையிலே, கடன் கணக்கைக் காட்டும் 'துண்டு' என்ற காகிதம் இருந்தது. 1921ஆம் ஆண்டில் அம்முறை ஒழிக்கப்பட்டது. கழுத்திலிருந்த தகரம் அவனை யாருக்கோ உரியவன் என்று ஊருக்குக் காட்டியது. மடியிலிருந்த காசு மட்டுமே அவனுக்கு உரியதாயிருந்தது. முன்னது எல்லார்க்கும் தெரியத் தொங்கியது. பின்னது ஒருவர்க்கும் தெரியாமல் ஒளிந்திருந்தது.

லயத்துக்கு வந்த பின்னும் நிலைமை மாறிற்றில்லை. 10 அடிக்கு 12 அடி அளவிலான ஒற்றைக் காம்பராவிலே ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. காம்பராவும் தோட்டத்துடையது, நிலமும் தோட்டத்துடையது. அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளும் நிறைந்த அவ்விடத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு மட்டும் உரிய மூலையென்று ஒன்றில்லை. கணவன் கள்ளுக்கடைக்கு எடுத்துச் செல்லாமலும், மழையில் நனையாமலும், நாள்தோறும் மலைக்குப் போய் வரும் வரையிற் பத்திரமாக இருக்கவும் அவள் கண்ட ஒரே பெட்டகம் தன் இடுப்பு. ஆதலால் மடி என்பது வெறும் பழக்கமன்று. பூட்டு இல்லாதவள் தன் உடலையே பூட்டாக்கிக் கொண்ட உபாயம்.

காகிதம் பொன்னான காலம்

பின்னர் ஒரு காலம் வந்தது. அப்போது பொன்னைவிடக் காகிதம் விலையேறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்க வேண்டுமாயின், பல்லாண்டுகள் இந்நாட்டிலே இடைவிடாது வாழ்ந்ததற்கு அத்தாட்சி தேவைப்பட்டது. எழுத்தறியாத தாய்மாருங்கூட, எந்தக் காகிதம் என்றாவது கேட்கப்படுமோ என்று அஞ்சி, கிடைத்த சீட்டையெல்லாம் காப்பாற்றினர். 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க, எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படுமென அவ்வொப்பந்தம் கூறியது. 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்த பின்னரே நாடற்றவர் என்ற பழி பெருமளவில் நீங்கியது.

1983 ஜூலைக் கலவரத்தின்போது பதுளை நகரிலே தமிழர் கடைகளும் வீடுகளும் தீக்கிரையாயின. கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29ஆந் திகதி காலை மண்மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. தீயும் மண்ணும் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை, பெட்டியோடு விழுங்கிவிடுகின்றன. இத்தகைய அநுபவங்களைக் கண்டும் கேட்டும் வளர்ந்த மூதாட்டி ஒருத்தி, "முக்கியமானது மேலோடு இருக்கட்டும்" என்று சொன்னால் அவளைப் பழமைவாதி என்று நகைப்பது நமக்கு அழகாகுமா?

உடல் மாறும், கயிறு மாறாது

மலையிலே கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் இடுப்பைச் சற்று எண்ணிப் பார்ப்போம். உள்ளே பாவாடை நாடா. அதன்மேல் சேலைக் கட்டு. அதற்குமேல், தேயிலைக் கிளைகள் கிழிக்காதபடி சுற்றிய படங்கு. படங்கை இறுக்கும் கயிறு. முதுகிலே கூடை; அதன் கயிறு தலையிலே. பல தோட்டங்களில் ஒரு நாட்பெயருக்கு 18 கிலோ கொழுந்து கேட்கப்படுகிறது. சரிவிலே குனிந்தும் நிமிர்ந்தும் ஏறியும் இறங்கியும் எட்டு மணி நேரம் உழைக்கும் அவ்வுடலில், இத்தனை கட்டுகளுக்கும் அடியிலே, அந்தச் சுருக்குப் பை அழுந்திக் கிடக்கிறது. வடகீழ்ப் பருவ மழையில் அது நனைகிறது. ஆடி, ஆவணியில் ஊவாவின் வறண்ட கச்சான் வீசும்போது வியர்வையில் ஊறுகிறது. தேயிலைக்கு மணம் தரும் அதே காற்று, பறிப்பவளின் இடுப்பிலே வேர்க்குருவைத் தருகிறது.

இது வழக்கமான காலம். அவள் கருவுற்றால் என்ன நிகழ்கிறது? பிரசவத்துக்குள் உடலின் நிறை பத்துப் பன்னிரண்டு கிலோ கூடுவது இயல்பு. இடுப்பென்று ஒன்று இருந்த இடமே மாறிவிடுகிறது. ஆயினும் கயிறு அங்கேயேதான். அதனை வயிற்றுக்கு மேலே ஏற்றினால் மூச்சு முட்டுகிறது. கீழே இறக்கினால் நழுவுகிறது. 1939ஆம் ஆண்டின் பிரசவ சகாயச் சட்டம் தாய்க்கு ஓய்வைக் கருதியது. அவளது மடியை எந்தச் சட்டமும் கருதவில்லை. அது அவளே தீர்க்க வேண்டிய காரியம். பிள்ளை பிறந்தபின் வயிறு தளர்ந்து, கட்டு நெகிழ்கிறது. முதுமை வந்து உடல் ஒட்டியபின், அதே பை ஒருநாள் ஒற்றையடிப் பாதையில் ஓசையின்றி நழுவி விழுகிறது. அதற்கஞ்சியே வயது ஏற ஏறக் கயிற்றை மேலும் இறுக்குகின்றனர்.

ஒருநாள் பதுளைச் சந்தையில் நாம் கண்ட காட்சி இது. பேத்தியுடன் வந்த மூதாட்டி ஒருத்தி, கருவாட்டுக்குப் பணம் கொடுப்பதற்காகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, மடியை அவிழ்க்க அரும்பாடுபட்டாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. "அப்பாயி, இவ்வளவு இறுக்கிக் கட்டுனா வலிக்காதா?" என்று பேத்தி கேட்டாள். "வலிச்சாத்தானடி ஆத்தா, இருக்குன்னு தெரியும்" என்றாள் கிழவி. கேட்டவர் சிரித்தனர். நமக்கோ சிரிப்பு வரவில்லை. பொருள் பத்திரமாக இருக்கிறது என்பதற்கு வலியையே அத்தாட்சியாகக் கொள்ளும் அளவுக்கு ஒரு தலைமுறை பழகிவிட்டதன்றோ!

வடுவிலிருந்து புற்று வரை

இவ்வலியை அலட்சியம் செய்தலாகாது. 2024ஆம் ஆண்டிலே, இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்து வார்தாவையும் பீகாரையும் சேர்ந்த வைத்தியர்கள் இரு மூதாட்டிகளின் வரலாற்றை ஆங்கில வைத்திய சஞ்சிகையொன்றில் வெளியிட்டனர். ஒருவருக்கு வயது எழுபது. மற்றவர் அறுபதின் பிற்பகுதியினர். பல்லாண்டுகள் இடுப்பிலே இறுக ஆடை கட்டியதால் தோல் உராய்ந்து, நிறம் மாறி, புண்ணாகி, ஆறாது நின்று, இறுதியிற் புற்றாக மாறியிருந்தது. ஒருவரின் புண் ஒன்றரை ஆண்டு ஆறவில்லை. மற்றவருக்கு நோய் தொடையிடுக்கிலுள்ள நிணநீர்க் கணுவுக்கும் பரவியிருந்தது. ஒரே இடம், ஒரே கயிறு, ஓயாத உராய்வு என்பவையே காரணம். இத்தகைய நோய் அரிதே; எல்லோரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் இடுப்பைச் சுற்றிக் கறுத்த வளையம், தோல் உரிதல், அரிப்பு என்பன உடல் தரும் முன்னறிவித்தல்கள். மூன்று நான்கு வாரங்களில் ஆறாத புண்ணைக் கண்டால் நாட்டு மருந்து தடவிக் காலங்கடத்தாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

அரைஞாண் கற்பித்த பாடம்

இதற்குப் பரிகாரம் யாது? அதனை நம் தாய்மார் ஏற்கெனவே அறிவர். குழந்தையின் இடுப்பிலே அரைஞாண் கட்டுகிறோம். பிள்ளை வளர வளர முடிச்சைத் தளர்த்துகிறோம். போதாவிடின் கயிற்றையே மாற்றுகிறோம். கயிறு இறுகினால் பிள்ளை தேறியிருக்கிறது என்றும், நெகிழ்ந்தால் இளைத்திருக்கிறது என்றும் பாட்டிமார் கணிப்பர். உடலுக்கேற்பக் கயிறு மாற வேண்டுமென்ற இந்த ஞானத்தைப் பிள்ளைக்குப் பயன்படுத்தும் தாய், தனக்குப் பயன்படுத்துவதில்லை. குறை இவ்வளவே.

ஆதலால் மெல்லிய நாடாவுக்குப் பதிலாக நான்கு விரல் அகலத்திற் பருத்தித் துணிப் பட்டியைத் தைத்துக் கொள்க. பாரம் அகலத்திற் பரவினால் அழுத்தம் குறையும். வியாபாரிகள் வேட்டிமேல் கட்டும் அகன்ற பெல்ட்டின் சூட்சுமமும் இதுவே. பட்டிக்கும் உடலுக்கும் இடையே இரு விரல் நுழைய வேண்டும். நாள்தோறும் ஒரே இடத்திற் கட்டாமல் சிறிது மேலும் கீழுமாக மாற்றுக. மலையிலிருந்து திரும்பியதும் அவிழ்த்து, தோலைக் கழுவி உலர்த்துக. கர்ப்பிணிகள் வயிற்றின் குறுக்கே எதையும் இறுக்காது, ரவிக்கையின் உட்புறம் தைத்த சிறு பையையோ, தோளிலிருந்து தொங்கும் துணிப்பையையோ பயன்படுத்தலாம். முதியோர் நழுவுமென்று அஞ்சினால், முடிச்சை இறுக்குவதைவிடப் பாவாடையின் உட்புறத்தில் பொத்தான் வைத்த பையொன்று தைப்பது மேல். காகிதங்களை நனையாத உறையிலிட்டு மடிக்க.

அனைத்தினும் மேலான பரிகாரம் கனத்தையே குறைப்பது. தபாலகத்தின் வாயிலாகவும் தேசிய சேமிப்பு வங்கியிற் பணமிடலாம். பிறப்பு, விவாகப் பதிவுகளின் உறுதிப்படுத்திய பிரதிகளைப் பிரதேச செயலகத்திற் பெறலாம். பிரதி வேறிடத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கை பிறந்தால், மூலத்தை உடலோடு பிணைக்க வேண்டிய அவசியம் தளரும்.

மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. உங்கள் அப்பாயியோ அம்மாயியோ மடியை அவிழ்க்கும்போது அதனுள் என்ன இருக்கிறதென்று ஆசையாய்ப் பார்க்கிறீர்கள். மிட்டாய்க்குக் காசும் பெறுகிறீர்கள். இனி ஒருநாள் அந்தக் கயிறு கிடந்த இடத்தையும் பாருங்கள். ஓர் அகன்ற பட்டி தைத்துக் கொடுங்கள். பள்ளிக்கூடக் கைவேலை நேரத்திலேயே அதனை முடித்துவிடலாம். முடியுமாயின் அவருக்கென்று, அவருக்கு மட்டுமே சாவி உள்ள ஒரு சிறு பெட்டியும் வாங்கிக் கொடுங்கள்.

மடியிலே கனம் வைத்து நடந்தே இம்மக்கள் ஒரு நாட்டின் தேயிலையை உலகுக்கு அளித்தனர். வழியில் பயம் நீங்க வேண்டுமாயின் மடியில் கனம் குறைய வேண்டும் என்கிறது பழமொழி. நாம் அதனைச் சிறிது திருப்பிச் சொல்வோம்: வீட்டிலே பயம் நீங்கினால், மடியில் கனம் தானே குறையும்.