ஒரு சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கும் பிணைப்பு

ஃப்ளூரின் மூலக்கூறை ஸ்கூலிலேயே வரைஞ்சிருப்பீங்க: இரண்டு அணு, நடுவில் ஒரு பிணைப்பு. இதையே ஹார்ட்ரீ-ஃபாக் முறையில் கணக்கிட்டால், "இப்படி ஒரு மூலக்கூறு நிலைக்காது" என்று விடை வரும்! இத்தனைக்கும் மொத்த ஆற்றலில் 99 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிடிக்கும் முறை அது.

தப்பு எங்கே? மற்ற எலக்ட்ரான்களின் சராசரியை மட்டுமே ஒவ்வொரு எலக்ட்ரானும் உணர்வதாக அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் அவை நொடிக்கு நொடி ஒன்றுக்கொன்று விலகி நகர்கின்றன. இதுதான் எலக்ட்ரான் கோரிலேஷன். ஃப்ளூரினின் மொத்த ஆற்றல் சுமார் 200 ஹார்ட்ரீ. பிணைப்பை உடைக்கத் தேவையானது சுமார் 0.06 மட்டுமே. விட்டுப்போன அந்தச் சில்லறையில்தான் பிணைப்பே இருக்கு.

அந்தச் சில்லறையை ஒரு சின்னத் தொந்தரவாக எண்ணி, படிப்படியாகத் திருத்தம் சேர்க்கலாம் என்று மோலரும் பிளெசெட்டும் 1934இல் காட்டினார்கள். அதன் இரண்டாம் படிதான் எம்பி2. மூலக்கூறு இரட்டிப்பானால் வேலை 32 மடங்கு ஆகும்.

அப்போ மூன்று, நான்கு என்று போய்க்கிட்டே இருந்தா சரியாகிடுமா? இல்லை. சில பேசிஸ் செட்களில் நியான் அணுவுக்கே இந்தத் தொடர் விரிந்து போகிறது என்று 1996இல் ஓல்சன் குழு காட்டியது.

அதனால் இரண்டாம் படியையே சரிசெய்யப் பார்த்தார்கள். ஒரே ஸ்பின் கொண்ட எலக்ட்ரான்களை பாலி விதி ஏற்கெனவே விலக்கி வைக்குது. எதிர் ஸ்பின் ஜோடிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. எம்பி2 இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கிறது. 2003இல் கிரிம்மே எதிர் ஸ்பின் பங்கை 6/5ஆலும், ஒரே ஸ்பின் பங்கை 1/3ஆலும் பெருக்கினார். கூடுதல் செலவில்லாமல் பல வினைகளின் ஆற்றல் மேம்பட்டது. அடுத்த ஆண்டு ஹெட்-கோர்டன் குழு ஒரே ஸ்பின்னை அடியோடு விட்டுவிட்டு, மற்றதை 1.3ஆல் பெருக்கியது. 32 மடங்கு, 16 ஆனது!

இன்னொரு ஓட்டை: ஹைட்ரஜன் மூலக்கூறை இழுத்துக்கொண்டே போனால் ஹோமோ-லூமோ இடைவெளி சுருங்கும். எம்பி2 பின்னத்தின் கீழே இருப்பது அந்த இடைவெளிதான். அது பூஜ்யத்தை நெருங்க, திருத்தம் கட்டுக்கடங்காமல் போகும். அப்படிப்பட்ட உறுப்புகளை மட்டும் தணித்துவிடுவது புதிய 'காப்பா' வகை முறைகள்.

இந்த எண்கள் எதுவும் இயற்கை விதி இல்லை. ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தவை. ப்ராஜெக்டில் எம்பி2 ஓட்டினால், ஆற்றலை ரிப்போர்ட்டில் எழுதும் முன் ஹோமோ-லூமோ இடைவெளியை ஒரு தடவை பாருங்க. அது ரொம்பச் சின்னதா இருந்தா, விடையை நம்பாதீங்க.