முதல் ஆயிரம் பேர் சேரும் வரை

விதைத்த மறுநாளே மண்ணைக் கிளறி முளை வந்துவிட்டதா என்று பார்க்கும் விவசாயி எவரும் இல்லை. அதே விவசாயி யூடியூபில் ஒரு சேனல் தொடங்கிவிட்டால், முதல் வீடியோவை ஏற்றிய இரவே பத்து முறை செல்போனை எடுத்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார். முதல் நாள் பதினேழு பேர். மறுநாள் இருபத்திரண்டு. அதில் பாதி சொந்தக்காரர்கள். ஐந்தாறு வீடியோக்களுக்குப் பின் கை ஓய்ந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் விவசாயிகளே நடத்தும் சேனல்கள் இன்று ஏராளமாக உள்ளன. பாதியில் நின்றுபோனவையும் ஏராளம். நின்றவற்றில் பயனுள்ள சங்கதிகள் இல்லாமல் இல்லை. நடத்தியவர் எதிர்பார்த்த காலக்கணக்கு தவறாக இருந்தது என்பதே பெரும்பாலும் காரணம்.

கணக்கு என்ன சொல்கிறது?

விளம்பர வருவாயில் பங்கு பெற வேண்டுமானால் ஒரு சேனலுக்கு 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்துடன் கடந்த 12 மாதங்களில் பார்வையாளர்கள் மொத்தம் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். (குறும்படங்களுக்கு வேறு கணக்கு உண்டு.) 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 3 நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 80,000 பார்வைகள், நாளொன்றுக்கு ஏறக்குறைய 220 பார்வைகள் தேவை. அதன் பின்னரே விளம்பர வருவாயில் 55 சதம் வீடியோ எடுத்தவர் கணக்கில் சேரும். அதுவும் 100 டாலர் சேரும் வரை வங்கிக்கு வராது.

இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே தாளில் போட்டுப் பார்த்தவர், மூன்றாம் மாதம் வருமானம் இல்லையே என்று சோர்வதில்லை. தென்னங்கன்று நட்டவர் ஐந்து ஆண்டு காத்திருப்பார். கீரை விதைத்தவர் இருபத்தைந்து நாளில் அறுப்பார். சேனல் தொடங்குகிறவர்கள் தென்னையை நட்டுவிட்டுக் கீரையின் கணக்கில் எதிர்பார்க்கிறார்கள்.

தலைப்புப் படம் நூறு முறை பிறர் கண்ணில் பட்டால், அதில் 2 முதல் 10 முறைதான் தொட்டுத் திறக்கப்படுகிறது. பாதிச் சேனல்களின் நிலை இந்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று யூடியூப் நிறுவனமே தெரிவிக்கிறது. மீதித் தொண்ணூறு பேர் கடந்து போவது எவருக்கும் நேர்வதுதான்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் தாத்தா பெரியதம்பியும் பேரன்மார்களும் 2018-ல் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' தொடங்கியதைப் பலர் அறிவர். விவசாய வேலை இல்லாத மாதங்களை வீணாக்காமல் பயன்படுத்த எண்ணித் தொடங்கிய முயற்சி அது. 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ்ச் சேனல் என்ற பெயர் பெற்றது. இந்தக் கோடியைக் காட்டியே புதியவர்கள் உற்சாகம் கொள்கிறார்கள். அதே கோடியைப் பார்த்தே சோர்ந்தும் போகிறார்கள். அவர்களிடம் கற்க வேண்டியது எண்ணிக்கை அல்ல. வேலையற்ற மாதங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். தெரிந்த வேலையையே செய்தார்கள். பாணியை மாற்றாமல் தொடர்ந்தார்கள். சமையல் வீடியோவை உலகமே பார்க்கும், நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவதைக் கடலை போட்டவர்தான் பார்ப்பார் என்பதையும் மறக்கலாகாது.

நாற்பது பேர் குறைவா?

ஒரு கிராமத்தில் பண்ணைப் பயிற்சிக்கு நாற்பது விவசாயிகள் வந்து உட்கார்ந்தால், வேளாண்மை அலுவலர் மன நிறைவோடு ஊர் திரும்புவார். அதே நாற்பது செல்போன் திரையில் தெரிந்தால் அவமானமாகப் படுகிறது. ஆளைக் காணாமல் எண்ணை மட்டும் காண்பதால் வரும் மயக்கம் இது.

வானொலிக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1960-களில் ஆடுதுறை 27 நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியபோது, வானொலியில் கேட்டுப் பயிரிட்டதால் அதை 'ரேடியோ நெல்' என்றே விவசாயிகள் அழைத்தனர். பேசியவருக்கு அன்று எத்தனை பேர் கேட்கிறார்கள் என்ற எண் மணிக்கு மணி தெரியாது. பலன் வயலில்தான் தெரிந்தது.

பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சி நிலையத்தில் 2006-ல் தொடங்கிய 'டிஜிட்டல் கிரீன்' முயற்சியும் இங்கே கருதத்தக்கது. உள்ளூர் விவசாயிகளையே வைத்து வீடியோ எடுத்து, கிராமத்தில் சிறு குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க ஒருவர் உடனிருந்தார். கர்நாடகத்தில் 16 கிராமங்களில் நடந்த சோதனையில், வழக்கமான விரிவாக்க முறையைவிட ஏழு மடங்கு அதிகமாகப் புதிய முறைகள் கையாளப்பட்டன. வீடியோவைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது, பேசுகிறவர் பெயர் என்ன, எந்த ஊர் என்பதுதான். தம்மைப் போன்ற ஒருவர் என்று தெரிந்த பிறகே சொன்னதைக் காதில் வாங்கினார்கள். புதிய சேனலுக்கு உள்ள மூலதனமும் இதுதான். ஊர் பெயர், மண்ணின் வகை, ஏக்கர், பட்டம் ஆகியவற்றை முதல் அரை நிமிடத்தில் சொல்லிவிட வேண்டும். இசையும் வணக்கமும் அரை நிமிடத்தைத் தின்றுவிடும் வீடியோக்களே அதிகம்.

எண்ணிக்கையை வாரம் ஒரு நாள், சந்தை நாள் போலக் குறித்து வைத்துக்கொண்டு பார்த்தால் போதும். அன்றும் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, எந்த நிமிடத்தில் விட்டுப் போனார்கள் என்பதைக் கவனிப்பது நல்லது. அந்த விவரம் சேனல் நடத்துபவருக்கு வரைபடமாகவே கிடைக்கிறது. கோடு சட்டென்று இறங்கும் இடத்தில் என்ன பேசினோம் என்று திரும்பப் பார்த்தால், அடுத்த வீடியோவில் திருத்திக்கொள்ளலாம். இப்படித் திருத்த ஒரு வேலை இருக்கும் வரை மனம் தளர நேரம் இராது.

பட்டம் அறிந்து வெளியிடுதல்

மக்காச்சோளப் படைப்புழு 2018-ல் நம் நாட்டுக்குள் நுழைந்தது. அதே பருவத்தில் பெரம்பலூர், அரியலூர் பகுதிகளில் கடும் சேதம் விளைவித்தது. இந்தப் புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்துப் போன்ற குறியும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும். குருத்தை விரித்து இதைத் தெளிவாகக் காட்டும் ஒரு வீடியோவை மாசி மாதத்தில் வெளியிட்டால், தேடுவோர் அதிகம் இருக்க மாட்டார்கள். புரட்டாசியில் விதைத்து, பயிர் பதினைந்து இருபது நாள் ஆனதும் குருத்தில் ஓட்டை கண்டவர்கள் தேடத் தொடங்குவார்கள். ஏழு மாதம் தூங்கிய வீடியோ அப்போது விழித்துக்கொள்ளக்கூடும். அடுத்த ஆண்டும் அதற்கு வேலை இருக்கும். எனவே ஒரு பருவத்தில் எடுத்ததை, அடுத்த பருவத்தில் தேவை வருவதற்கு ஒரு வாரம் முன்பாக வெளியிடுவது சிறந்தது. நடவும் அறுவடையும் நெருக்கும் மாதங்களில் வீடியோ எடுக்காவிட்டால் குடி முழுகிப் போகாது. தினம் ஒன்று என்று தொடங்கி மூன்றாம் வாரம் களைப்பதைவிட, பதினைந்து நாளுக்கு ஒன்று என்று ஆண்டு முழுவதும் நடத்துவது மேல்.

எண்ணிக்கை ஏறாதபோது வரும் சோர்வைவிட ஆபத்தானது அப்போது தோன்றும் குறுக்கு வழி. 'ஏக்கருக்குப் பத்து லட்சம் லாபம்' என்று தலைப்பிட்டால் கூட்டம் வரும் என்பது உண்மைதான். 2012-ல் கொங்குப் பகுதியில் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் சரிந்தபோது, விளம்பரத்தை நம்பிப் பணம் போட்டவர்கள் பட்ட பாடு மறந்துவிடவில்லை. வீடியோ வெளியிட்டவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவார். அதை நம்பிக் கொட்டகை போட்டவர் நகைக்கடனோடு நிற்பார். பூச்சி மருந்து அளவும் அப்படியே. ஏக்கருக்கு உரிய அளவை ஒரு டேங்குக்கு என்று வாய் தவறிச் சொன்னால், எங்கோ ஒருவர் வயல் கருகும். அத்தகைய வீடியோவை நீக்கிவிட்டுத் திருத்தி எடுப்பதே முறை, அதுவரை சேர்ந்த பார்வைகள் போனாலும் சரி.

தமக்கு நட்டமானதையும் காட்டத் துணிந்தவர்களுக்கு நம்பிக்கையான கூட்டம் மெதுவாகச் சேர்கிறது. தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கு விற்றபோது பறிகூலிகூடக் கட்டவில்லை என்று கணக்கோடு சொல்பவரின் பேச்சை, அடுத்த முறை அவர் லாபம் என்று சொல்லும்போதும் நம்புவார்கள்.

செலவு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். கடன் வாங்கிக் கேமரா வாங்குவது முதல் ஆண்டில் தேவையில்லை. கையிலுள்ள செல்போனும், சட்டையில் மாட்டும் சிறு மைக்கும் போதும். காற்று இரைச்சலும் மோட்டார் சத்தமும்தான் பார்ப்பவரை விரட்டுகின்றன. காலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை வெளிச்சம் இதமாக இருக்கும். போனைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பல சேனல்களில் அந்த ஆள் மனைவிதான். பெயர் மட்டும் வருவதில்லை.

வீடியோவைப் பார்த்துப் போனில் கேட்பவர்களின் கேள்விகளை, தேதியும் ஊரும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டிருந்தால் அடுத்த வீடியோவுக்கு விஷயம் கிடைத்துவிட்டது. ஆடிப் பட்டத்துக்கு வேண்டிய விதை நேர்த்தி, கோடை உழவு போன்றவற்றைச் சித்திரை, வைகாசியில் வேலை குறைந்திருக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.