வள்ளத்தின் மேல் விமானம் வீழ்ந்தால்?

மன்னார்த் தீவின் பேசாலைக் கரையிலே வள்ளங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. வாடியருகே வலைகள் உலர்கின்றன. செல்வர் ஒருவரின் சொந்தச் சிறு விமானம் அவ்வழியே பறந்து வருவதாக வைத்துக்கொள்வோம். அதன் இயந்திரம் திடீரென நின்று, அது ஒரு வள்ளத்தின் மேல் வீழ்ந்துவிட்டால், வள்ளக்காரருக்கு யார் பொறுப்பு?

பிரித்தானியாவின் 1920ஆம் ஆண்டு விமானச் சட்டம் இதற்கு அழகான விடையொன்று கூறிற்று. நியாயமான உயரத்திற் பறக்கும் விமானத்தை, 'என் காணிக்கு மேலால் வந்தாய்' என்று எவரும் வழக்கிற்கு இழுக்க முடியாது. அதற்கு ஈடாக, விமானமோ அதிலிருந்து விழும் பொருளோ நிலத்திலாயினும் நீரிலாயினும் சேதம் விளைத்தால், விமானியின் கவனக்குறைவை நிரூபிக்காமலே நட்டஈடு பெறலாம். பிறநாட்டு விமானங்கள் விளைக்கும் சேதத்துக்காக 1952இல் உரோமில் உருவான உடன்படிக்கையும் இவ்வடிப்படையிலேயே எழுந்தது.

உரிமை உண்டு, பணம்? விமானத்தையே இழந்து நிற்பவரிடம் எதைப் பெறுவது! இங்கேதான் காப்புறுதி வேண்டப்படுகிறது. அதில் ஒரு பகுதி விமானத்தின் உடலுக்கு. மற்றது மூன்றாம் தரப்பினருக்கு. உரிமையாளர் முதலாவதையே பெரிதாக எண்ணுவார். வள்ளக்காரருக்கோ இரண்டாவதே உயிர்.

கப்பற் காப்புறுதியிற் பழுத்த இலண்டன் லொயிட்ஸ் சந்தையே 1911இல் விமானக் காப்புறுதியைத் தொடங்கிற்று. கெட்ட காலநிலையால் விமானங்கள் நொறுங்கவே, 1912இல் கைவிட்டது. பின்னர் இத்தொழில் மீண்டும் வளர்ந்தபோது, நிபந்தனைகளும் வளர்ந்தன.

சொந்த உபயோகத்துக்கென எழுதப்பட்ட பத்திரத்துடன் நண்பரிடம் கட்டணம் வாங்கி ஏற்றிச் சென்றால், அது வாடகைப் பறப்பாகிவிடும், கம்பனி கைவிரிக்கலாம். தகுந்த அனுமதிப்பத்திரமில்லாதவர் ஓட்டினாலும் அவ்வாறே. பறக்கும் எல்லையும் பத்திரத்திற் குறிக்கப்படும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர். சிறு விமானத்துக்குப் பத்து நிமிட வேலை. ஆயினும் இலங்கைக்கு மட்டும் பெற்ற காப்புறுதி, மணல்திட்டுகளுக்கிடையே செல்லும் நாட்டெல்லையோடு நின்றுவிடும். அந்த எல்லையை மேலிருந்து எவர் காண்பார்?

கரையில் நிற்பவர் பத்திரத்தைப் பார்க்க இயலாது. ஆனால் விமானத்தின் உடலில் எழுதிய பதிவுக் குறியைப் பார்க்கலாம். இலங்கை விமானமாயின் அது '4ஆர்' என்றும், இந்திய விமானமாயின் 'விரி' என்றும் ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். உரிமையாளர் யாரென அறிவதற்கு அதுவே முதற் பிடி.